வெளிநாட்டு போனில் நம் ஊர் சிம் எடுக்கவில்லையா? கடைக்கு ஓடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

சித்தப்பாவுக்கு அவர் மகள் அமெரிக்காவிலிருந்து ஒரு ஐபோன் 12 கொண்டுவந்து கொடுத்தாள். நம் ஊர் சிம்மைப் போட்டால் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று வந்து நிற்கிறது. பஜாரில் ஒரு கடையில், "லாக் எடுத்துடலாம் அங்கிள்" என்று சொல்லி 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, தகடு மாதிரி மெல்லிசா ஒரு சிப்பை சிம்மோடு சேர்த்து உள்ளே சொருகிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் ஒரு ராத்திரி அப்டேட் ஏறியது, காலையில் டவர் போச்சு.

அது லாக் எடுத்ததே இல்லை. வேறு கம்பெனி சிம் உள்ளே இருப்பதாக போனை நம்பவைக்கும் வேலை அது, அடுத்த அப்டேட் வரைக்கும்தான் தாங்கும்.

முதலில் எந்த லாக் என்று பாருங்கள். திரையைத் திறக்கும் பின் நம்பர் ஒன்று. போனை அழித்து ரீசெட் செய்தாலும் பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் ஐடியோ கூகுள் கணக்கோ கேட்டு நிற்பது இன்னொன்று, அதை அவர்தான் எடுத்துவிட வேண்டும். நாம் பேசுவது மூன்றாவது, நெட்வொர்க் லாக். அமெரிக்காவில் 24, 36 மாதத் தவணையில் போனைக் கொடுக்கிற கம்பெனி, பணம் கட்டி முடிக்கும்வரை வேறு சிம் போடாதபடி பூட்டி வைக்கும். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் இப்படிப் பூட்டி விற்கவே கூடாது, அதனால் அங்கே அதற்குப் பிறகு வாங்கிய போன் என்றால் பிரச்சினை வேறு எங்கோ இருக்கிறது.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்க் கீழே தள்ளுங்கள். 'கேரியர் லாக்' என்ற வரிக்கு நேரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் லாக் இல்லை. ஆண்ட்ராய்டில் வேறு சிம் போட்டதும் 'நெட்வொர்க் அன்லாக் பின்' கேட்டால் லாக் இருக்கிறது.

அடுத்து *#06# அடியுங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணை வைத்துத்தான் எல்லாமே நடக்கிறது. ஐபோன் லாக்கா இல்லையா என்பது ஆப்பிளின் சர்வரில் இந்த எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கிறது, போனை விற்ற நெட்வொர்க் கம்பெனி சொன்னால்தான் அது மாறும். பழைய நோக்கியாவில் இதே எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு லாக்கைத் திறக்கும் எண்ணை எடுத்துவிடுவார்கள், அதனால் அந்தக் காலத்து கடைக்காரர் நிஜமாகவே திறந்து கொடுத்தார். இப்போது அந்தச் சாவி கடையில் இல்லை.

இனி வாங்கியவரைப் பிடியுங்கள். எங்கள் விஷயத்தில் தங்கச்சியை. போன் எந்தக் கம்பெனியில் வாங்கியது, தவணை பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏ.டி. அண்ட் டி. என்ற அமெரிக்க நெட்வொர்க் கம்பெனி என்றால் அவர்களுடைய இணையதளத்தில் அன்லாக் பக்கம் இருக்கிறது: தவணை முழுக்கக் கட்டியிருக்க வேண்டும், போன் அவர்கள் நெட்வொர்க்கில் 60 நாளாவது ஓடியிருக்க வேண்டும், திருட்டுப் பட்டியலில் இருக்கக் கூடாது. விண்ணப்பித்ததும் மெயிலில் ஒரு லிங்க் வரும், அதை 24 மணி நேரத்துக்குள் அமுக்காவிட்டால் திரும்ப முதலிலிருந்து. அந்த மெயில் ஸ்பாமில் போய் விழும், அங்கேயும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டி-மொபைல் என்ற இன்னொரு கம்பெனியின் போஸ்ட்பெய்டு போனுக்கு அந்த 60 நாளுக்குப் பதில் 40 நாள். நிபந்தனைகள் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் அன்றைக்கு அந்தப் பக்கத்தில் போட்டிருப்பதுதான் கணக்கு.

சரி, ஓகே என்று மெயில் வந்துவிட்டது. அந்த சிப்பைக் கழற்றிவிட்டு நம் ஊர் சிம்மை மட்டும் போட்டு வைஃபையில் போனை ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் அதுவே திறந்துகொள்ளும். திறக்கவில்லையென்றால் பேக்கப் எடுத்துவிட்டு, முழுக்க அழித்து மறுபடி செட்டப் செய்யுங்கள். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான், தட்டைத் தேடி நகக்கண்ணைப் பெயர்த்துக்கொள்ளாதீர்கள்.

தங்கச்சிக்கு நாலு தவணை பாக்கி இருந்தது, கட்டினாள், அடுத்த வாரமே டவர் வந்துவிட்டது. அந்த சிப்பைச் சித்தப்பா இன்னும் பர்ஸில்தான் வைத்திருக்கிறார், 2,500 ரூபாய் கொடுத்ததை எப்படிடா தூக்கிப் போடுவது என்கிறார்.