குர்குமின வச்சு மூளை கேன்சர் செல்லுல எம்டிடி (எத்தன செல்லு உயிரோட இருக்குன்னு கலர வச்சு பாக்குற டெஸ்ட்) போடுறீங்களா, மொதல்ல செல்லே இல்லாத வெல் (பிளேட்ல இருக்க குழி) நாலு வைங்க

ப்ராஜெக்ட் டைம் வந்தா தம்பி தங்கச்சிங்க கேக்குறது இதுதான், அக்கா மஞ்சத்தூள மெத்தனால்ல ஊறவச்சு அப்டியே செல்லு மேல ஊத்தலாமான்னு. கீழமாசி வீதில வாங்குன மஞ்சத்தூள் ரசத்துக்கு சரி, அதுல குர்குமின் சுமார் 3 சதவீதந்தான், செல்லு செத்தா எதால செத்துச்சுன்னு எப்டி சொல்லுவீங்க? ப்யூர் குர்குமினாவே வாங்குங்க.

செல்லுக்கு யு87ங்கிற மூளை கேன்சர் செல், புனேல இருக்க தேசிய செல் அறிவியல் மையம் என்சிசிஎஸ்ல கிடைக்கும். ஸ்வீடன் உப்சாலால ஒரு நோயாளியோட மூளைக் கட்டியிலேருந்து வளத்ததுன்னு சொல்லுவாங்க, ஆனா இப்ப லேப்கள்ல ஓடுறது அந்த ஒரிஜினல் கட்டியோட டிஎன்ஏவுக்கு ஒத்துப்போகலன்னு 2016ல தெரிஞ்சுபோச்சு. தீசிஸ்ல ஒரு வரி எழுதிருங்க, வைவால முழிக்க வேணாம்.

ஸ்டாக்குக்கு (கெட்டியா கரைச்சு வைக்கிற கரைசல்) 18.4 மில்லிகிராம் குர்குமின் ஒரு மில்லி டிஎம்எஸ்ஓங்கிற கரைப்பான்ல, 50 மில்லிமோலார் வந்துரும், ஃபாயில் சுத்தி மைனஸ் 20ல வைங்க. ஆயிரம் மடங்கு மீடியால கலந்தா 50 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். சின்ன டோஸுக்கும், மருந்தே இல்லாத கன்ட்ரோலுக்கும் அதே 0.1 இருக்கணும், இத மறந்தா மொத்த பிளேட்டும் வீண்.

96 வெல் பிளேட்ல வெல்லுக்கு 5000 செல், ஓரத்துல இருக்க 36 வெல்லுல வெறும் பிபிஎஸ் (உப்புக் கரைசல்), ஏன்னா அங்கதான் மொதல்ல வத்தும். ஒரு ராத்திரி ஒட்டட்டும், அப்புறம் மருந்து, 48 மணி நேரம். சீரம் இல்லாத மீடியால குர்குமின் அரை மணி நேரத்துல 90 சதவீதம் சிதைஞ்சிரும், அதனால 10 சதவீதம் எஃப்பிஎஸ் சீரத்தோட அப்பப்ப புதுசா கலக்கணும். மே மாசம்னா இன்குபேட்டர் யூபிஎஸ்ல இருக்கான்னு பாருங்க, ராத்திரி கரண்ட் போயி ரெண்டு பிளேட்ட தூக்கிப் போட்டவ சொல்றேன்.

இப்பதான் நான் ஏமாந்த எடம். உயிரோட இருக்க செல்லு மஞ்சக்கலர் எம்டிடிய ஊதாவா மாத்தும், ஆனா குர்குமின் மாதிரி ஆன்டிஆக்ஸிடன்ட்டும் செல்லே இல்லாம அத மாத்திவிட்ரும். எனக்கு 50 மைக்ரோமோலார்ல செத்த செல்லு 100ல பொழச்ச மாதிரி ரீடிங் வந்துச்சு, எவ்ளோ சந்தோஷம் தெரியுமா புதுசா எதோ கண்டுபுடிச்சிட்டோம்னு, மைக்ரோஸ்கோப்ல பாத்தா நீளநீளமா கையி விரிச்சிருக்க வேண்டிய செல்லெல்லாம் உருண்டையா மிதக்குது, நடுவுல குர்குமின் கரையாம மஞ்ச மஞ்சயா துகள் வேற. அதனால செல் இல்லாம மருந்தும் எம்டிடியும் மட்டும் போட்ட வெல் நாலு கண்டிப்பா வேணும். எம்டிடி போடுறதுக்கு முன்னாடி பழைய மீடியாவ பைய உறிஞ்சி, பிபிஎஸ்ல ரெண்டு தடவ கழுவணும், யு87 லேசா புடிச்சிருக்கும், வேகமா உறிஞ்சுனா நல்ல செல்லும் போயிரும்.

மில்லிக்கு 0.5 மில்லிகிராம் எம்டிடி, மூணு நாலு மணி நேரம், ஊதா ஊசி ஊசியா தெரிஞ்சதும் டிஎம்எஸ்ஓல கரைச்சு 570 நானோமீட்டர்ல ரீட் பண்ணுங்க. கூடவே நார்மல் செல் ஒண்ணும், மூளை கேன்சருக்குக் குடுக்குற மருந்து டெமோசோலமைடும் ஓட்டுங்க, டெமோசோலமைடு சின்ன டோஸ்ல 48 மணி நேரத்துல யு87ஐ பெருசா கொல்லாது, பதறாதீங்க. பிளேட்ல செத்தா மருந்துன்னு எழுதிறாதீங்க, ரத்தத்துலேருந்து மூளைக்குள்ள போற கதவு தனிக் கதை.

மூணு வேற வேற நாள் திருப்பிப் போட்டு, அதே டோஸ்ல ட்ரிப்பன் ப்ளூ (செத்த செல்ல மட்டும் நீலமாக்குற சாயம்) போட்டு கையால எண்ணிப் பாருங்க, ரெண்டு நம்பரும் ஒத்துவந்தா மட்டும் கைட் ரூமுக்குப் போங்க.