அப்பப்பாவுக்கு இரண்டாவது கல்வெட்டு எழுதுவது எப்படி

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடிப்போம். அப்பப்பாவுக்கும் அடித்தோம். தேவாரம், திதி வெண்பா, புலம்பல் எல்லாம் போக, அவருடைய வாழ்க்கைக்கு அதில் முக்கால் பக்கம்தான் கிடைத்தது. செத்தவீட்டு அவசரத்தில் அவ்வளவுதான் முடியும். ஆகவே ஏதாவது ஓர் ஆண்டுத் திவசத்தைக் குறிவைத்து, ஆறுதலாக இன்னொன்று எழுதுங்கள்.

முதல் கல்வெட்டில் 'யுத்த காலத்தில் படையில் படப்பிடிப்பாளராக இருந்தார்' என்று ஒரு வரி. உள்நாட்டுப் போர் நடந்த வன்னியில் இப்படி எழுதினால் எந்த யுத்தம், எந்தப் படை என்று வாசிக்கிறவர் முழிப்பார். இரண்டாம் உலகப் போர், பிரிட்டிஷ் விமானப்படை, சீனக்குடா விமானத்தளம் என்று முழுதாக எழுதுங்கள். இந்தக் குழப்பம் விளையாட்டில்லை. சீருடையில் அவர் நிற்கிற படங்களை அப்பம்மா 90களில் அடுப்பில் போட்டுவிட்டா. சோதனை போட வருகிறவன் அது எந்தக் காலத்துச் சீருடை என்று கேட்டுக்கொண்டா நிற்பான்?

எங்களுக்கு மிஞ்சியது, 2009இல் இடம்பெயர்ந்தபோது வளவில் தாட்டுவிட்டுப்போன ஒரு பால்மாப் பேணி. அதற்குள் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இழுத்துப் பிரிக்க வேண்டாம். நான் ஒன்றை இழுத்து, பெரியப்பாவின் முகம் மற்றப் படத்தின் முதுகோடு போய்விட்டது. முதலில் இருக்கிறபடியே போனில் எடுங்கள். பிறகு சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டால் பெரும்பாலும் தானாகக் கழலும். முகம் மேலே இருக்க, நிழலில் காயவிடுங்கள். பின்பக்கம் எழுத மென்மையான பென்சில் போதும், குமிழ்முனைப் பேனா வேண்டாம். லமினேட் செய்யவே கூடாது. நெகட்டிவ் இருந்தால், போனின் வெள்ளைத் திரைமேல் வைத்து இன்னொரு போனால் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்கினால் படம் தெரியும். வினாகிரி மணம் வருகிற நெகட்டிவை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

அப்புறம் ஆட்களைக் கேட்க வேண்டும். 'அப்பப்பா எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'நல்ல மனுசன்' என்பார்கள், கதை முடிந்தது. படத்தைக் கையில் கொடுத்து, 'மாமி, ஏன் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிக்கிறியள்?' என்று கேட்டேன். 'வெயில் தன்ர முதுகுக்கு வாற மாதிரித்தான் ஐயா நிப்பாட்டுவார். படம் எடுத்து முடியுமட்டும் ஒருத்தரும் சாப்பிடேலாது' என்றா. கலியாணம், காணிப் பங்கு, விதைநெல் எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். கிழவரின் அதிகாரத்தை மறைத்து எழுதாதீர்கள், அதுதான் அவர்.

திகதிகளைச் சரிபாருங்கள். 1942இல் மவுண்ட்பேட்டனைப் படமெடுத்தார் என்று சித்தப்பா சத்தியம் பண்ணினார். அந்த ஆண்டு ஏப்ரல் 9 திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டது சரி. ஆனால் மவுண்ட்பேட்டன் நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியத் தளபதியானதே 1943இல். அவருடைய தலைமையகம் கண்டிக்கு வந்தது 1944 ஏப்ரலில். இரண்டு நினைவுகள் ஒன்றாகிவிட்டன. சித்தப்பாவின் பேச்சை அப்படியே போட்டு, கீழே ஆண்டுகளை எழுதினேன். அவர் இன்னும் கோபம்.

கடைசியில் இரண்டு பக்கம் வெறுமையாக விடுங்கள். புத்தகம் ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே யாராவது போன் எடுத்து, 'அந்தப் படத்தில நிக்கிறது நானில்லை' என்பார்கள்.