"ஏன் அடித்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்: காவல் துறையிடம் தகவல் கோருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"என் தம்பியை ஸ்டேஷனில் வைத்து ஏன் அடித்தார்கள்? அடித்தவர்கள் மீது என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறீர்கள்?"

காவல் துறைக்குத் தகவல் உரிமை மனு எழுதப் பலர் உட்காரும்போது முதலில் பேனாவில் வருவது இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு மாதம் கழித்து வரும் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும்: "தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது." அந்தப் பதில் சட்டப்படி சரியாக இருப்பதுதான் வேதனை. 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம், அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் தகவல் என்கிறது. இல்லாத ஒன்றை உருவாக்கித் தரவோ, காரணம் விளக்கவோ பொதுத் தகவல் அலுவலருக்கு (அலுவலகத்தில் இந்த மனுக்களுக்குப் பதில் தருபவர்) கடமை இல்லை என்று சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லிவிட்டது.

அதனால் முதல் தவறு, கேள்வி கேட்பது. "ஏன்", "எப்படி", "நியாயமா" என்ற சொற்கள் மனுவில் இருந்தால் அடித்துவிடுங்கள். அந்த இரவு நடந்தது எந்தெந்தக் காகிதத்தில் பதிவாகியிருக்கும் என்று யோசியுங்கள். அன்றாடம் நடப்பதை நேரவாரியாக எழுதும் பொது நாட்குறிப்பு ஸ்டேஷனில் இருக்கும். அன்று யார் யார் பணியில் இருந்தார்கள் என்ற பணிப் பட்டியல் இருக்கும். கைதுக் குறிப்பு இருக்கும். புகார் கொடுத்திருந்தால் சி.எஸ்.ஆர். எண், அதாவது புகாரைப் பெற்றதற்கான ரசீது எண், இருக்கும். "12ஆம் தேதி மாலை 6 மணி முதல் 13ஆம் தேதி காலை 6 மணி வரை இந்தக் காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்புப் பக்கங்களின் சான்றிட்ட நகல்" என்று கேட்டால், தர வேண்டும், அல்லது எந்தப் பிரிவின்படி தர முடியாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வரையறைக்குள் வராது என்று சொல்லித் தப்ப முடியாது.

முதல் தகவல் அறிக்கைக்கு மனு போட்டு ஒரு மாதம் வீணாக்க வேண்டாம். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளைத் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016இல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, எல்லாக் காகிதமும் காவல் துறையிடமே இருக்கும் என்று நினைப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காவலர்களின் வன்முறை பற்றிய நம்பகமான ஆவணங்கள் பெரும்பாலும் காவல் துறைக்கு வெளியேதான் கிடக்கின்றன. காயத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது அதைத்தான். "தெரிந்த நபர்கள் தாக்கியதாகச் சொன்னார்" என்ற ஒரு வரி, எத்தனை பேர், எந்த இடத்தில், எதனால் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். அதைக் கேட்க வேண்டியது மருத்துவமனையிடம். சிறையில் அடைக்கும்போது உடலில் இருந்த காயங்களைக் குறித்திருந்தால் அந்தப் பதிவு சிறைத் துறையிடம் இருக்கும். காவலர் சித்திரவதை பற்றிய புகாரை வருவாய்த் துறை விசாரிப்பதும் உண்டு. 2023இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்களைப் பிடுங்கியதாகப் புகார் எழுந்தபோது, முதலில் விசாரித்தவர் சேரன்மகாதேவி சார் ஆட்சியர். அப்படியான விசாரணையின் கோப்பைக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் தேடிப் பயன் இல்லை. ஆட்சியர் அலுவலகம், கோட்டாட்சியர் அலுவலகம், உள்துறை என்று போக வேண்டும்.

புகார்களுக்கும் இது பொருந்தும். 2013ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டப்படி மாவட்ட அளவில் காவலர் மீதான புகார்களைக் கேட்கும் குழுவுக்கு மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். (உச்ச நீதிமன்றம் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியை. அது இன்னும் எனக்கு ஆறாத விஷயம்.) அந்தக் குழு எத்தனை முறை கூடியது, எத்தனை மனுக்கள் வந்தன, கூட்டக் குறிப்புகளின் நகல் என்று ஆட்சியர் அலுவலகத்துக்குத் தனி மனு போடுங்கள்.

காவலில் மரணம் நிகழ்ந்தால் நீதித்துறை நடுவர் விசாரிப்பார். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(1ஏ), 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 196ஆம் பிரிவு. அந்த அறிக்கை நீதிமன்றத்தில் இருந்தால் தகவல் உரிமை மனு போடாதீர்கள். நீதிமன்ற ஆவணங்களுக்கு அந்தந்த நீதிமன்ற விதிப்படி நகல் மனுதான் போட வேண்டும் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஒரு வழக்கறிஞர் மூலம் காப்பி அப்ளிகேஷன் போடுவதே நேர் வழி.

இப்போது எல்லாவற்றிலும் அவசரமான ஒன்று: சிசிடிவி பதிவு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் ஸ்டேஷனில் தாக்கப்பட்டு, காவலில் இருக்கும்போதே இறந்தார்கள். அந்த வழக்கில் விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் கண்டது என்ன தெரியுமா? கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம், அதற்கு வசதி இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது என்று நம்பிக் காத்திருப்பதுதான் தவறு. சம்பவம் நடந்த மறுநாளே, தேதி, நேரம், ஸ்டேஷனின் எந்தப் பகுதி என்று குறிப்பிட்டு, "இந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்" என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகையோடு, பதிவு செய்த விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். தகவல் உரிமை மனு அதற்குப் பிறகு. மனு நிராகரிக்கப்பட்டாலும், நீதிமன்றமோ மனித உரிமை ஆணையமோ பதிவை வரவழைக்கும் நாளில் "அழிந்துவிட்டது" என்று எளிதாகச் சொல்ல முடியாதபடி அந்த ஒப்புகை உங்கள் பக்கம் பேசும்.

சரி, அடித்த காவலரின் பெயர் தெரியும், அவர் மீது முன்பே எத்தனை புகார், என்ன தண்டனை என்று கேட்கலாமா? கேட்கலாம், கிடைப்பது கடினம். கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் ஒரு ஊழியர் மீதான குறிப்பாணைகளும் (மெமோ) தண்டனைகளும் அவருடைய தனிப்பட்ட தகவல் என்றது. நிராகரிப்புக் கடிதங்களில் அந்த வழக்கின் பெயரை நீங்கள் அடிக்கடி பார்ப்பீர்கள். போதாக்குறைக்கு, தனிப்பட்ட தகவலைத் தர மறுக்க உதவும், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் இறுக்கிவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த பொதுநலன் வாசகம் இப்போது இல்லை. ஆனால் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மறைப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்கிறது அது. மனுவிலேயே 8(2)ஐக் குறிப்பிட்டு, என்ன பொதுநலன் என்று இரண்டு வரி எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) சொன்னாலும் இந்த இடத்தில் சொல்வது நமக்கு நல்லது.

அதைவிடப் பலன் தரும் வழி, ஆளை விட்டுவிட்டு எண்ணிக்கையைக் கேட்பது. உட்கோட்டம் என்பது ஒரு டி.எஸ்.பி.யின் கீழ் வரும் காவல் நிலையங்கள். "2024இல் இந்த உட்கோட்டத்தில் காவலர்கள் மீது பொதுமக்கள் கொடுத்த மனுக்கள் எத்தனை, காவல் நிலைய வாரியாக; அவற்றில் 3(ஏ), 3(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்பட்டவை எத்தனை, பதவி வாரியாக." இந்த 3(ஏ), 3(பி) என்பவை தமிழ்நாட்டில் சார்நிலைக் காவலர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை விதிகள். முதலாவது சிறு தண்டனைக்கு, இரண்டாவது பெருந்தண்டனைக்கு. துறைக்குள் புழங்கும் சொல்லில் கேட்டால் "புரியவில்லை" என்ற பதில் வராது. முடிந்துபோன விசாரணைகளின் அறிக்கைகளையும் கேளுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு மற்றதைத் தரும்படி 10ஆம் பிரிவைச் சுட்டுங்கள். ஆனால் "மாநிலம் முழுவதும், பத்து ஆண்டுகளுக்கு" என்று விரிக்காதீர்கள். வேலை பாதிக்கும் என்று 7(9)ஐக் காட்டிக் கையை விரிப்பார்கள். ஓர் உட்கோட்டம், ஓராண்டு போதும். நேரில் வந்து பதிவேட்டைப் பார்வையிட அனுமதியும் கேளுங்கள். அது 2(ஜே) தரும் உரிமை.

நிராகரிப்பு வந்தால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். "விசாரணை நிலுவையில் உள்ளது, 8(1)(எச்)" என்பது காவல் துறைக் கடிதங்களில் பழகிப்போன வாசகம். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது, தகவலைத் தந்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று அலுவலர் காட்ட வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2007 டிசம்பரிலேயே சொல்லியிருக்கிறது. 24(4)ஐக் காட்டினால் உற்றுப் பாருங்கள். அது அரசு அறிவிக்கை மூலம் விலக்கு பெற்ற உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு மட்டும். உங்கள் ஊர் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனுக்கு அது பொருந்தாது. விலக்கு பெற்ற பிரிவாகவே இருந்தாலும் மனித உரிமை மீறல் பற்றிய தகவலை, தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தர வேண்டும்.

மனுவை யார் பெயரில் போடுவது என்பதிலும் கவனம் தேவை. அமைப்பின் லெட்டர்பேடில் போடாதீர்கள். இந்தச் சட்டம் குடிமக்களுக்குத்தான் உரிமை தருகிறது என்று திருப்பி அனுப்ப வழி கிடைத்துவிடும். பாதிக்கப்பட்டவரே அதே ஸ்டேஷனைப் பற்றி மனு போட்டால் "விசாரிக்க வந்தோம்" என்று வீட்டு வாசலில் ஆள் நிற்கலாம். இந்தப் பயம் நியாயமானது, யாரும் இதைச் சின்னதாக நினைக்க வேண்டாம். வேறு ஊரில் இருக்கும் நண்பர் போடலாம், வழக்கறிஞர் தன் பெயரில் போடலாம். வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் போதும் என்று 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பினால் ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே வேண்டாம்.

அப்புறம், தேதிகள். தகவல் வந்த பிறகு புகார் கொடுக்கலாம் என்று காத்திருந்து வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் மனித உரிமை ஆணையம் அதை விசாரிக்க முடியாது. தகவல் மனுவுக்கு 30 நாள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதை முடிக்க மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாள், நீட்டித்தால் 45. பிறகு மாநில தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு, 90 நாளுக்குள். அங்கே விசாரணைக்கு வர எவ்வளவு காலம் ஆகும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே புகாரைக் கையில் இருக்கும் ஏ.ஆர். காப்பியோடு இன்றே கொடுத்துவிட்டு, தகவல் மனுவைப் பக்கத்திலேயே நடத்துங்கள். கிடைக்கும் ஒவ்வொரு நகலையும், நிராகரிப்புக் கடிதம் உட்பட, அந்தப் புகார்க் கோப்பில் கூடுதல் ஆவணமாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.