காருக்குப் பெர்ஃபார்மன்ஸ் டயர் வாங்கும்போது: அளவு, தேதி, ஃபிட்டிங்

விர்டஸ், ஸ்லாவியா, வெர்னா டர்போ, ஐ20 என் லைன் மாதிரி கொஞ்சம் துடிப்பான கார் வைத்திருப்பவர்கள் முதல் செட் டயர் தேய்ந்ததும் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இதைவிட அகலமா எது போடலாம்?" என்பதுதான். அகலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிரேக் பிடித்தால் கார் எங்கே நிற்கும், வளைவில் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதை முதலில் தீர்மானிப்பது டயரின் ரப்பர் கலவை. கார் கம்பெனி கொடுத்த அதே அளவில் ஒரு படி நல்ல டயரைப் போட்டாலே மழையில் பிரேக் தூரம் குறைவது காலுக்குத் தெரியும். கையில் இருக்கும் காசை அங்குலத்தில் போடாமல் ரப்பரில் போடுவதே எங்கள் யோசனை.

முதலில் பழைய டயரைப் பாருங்கள்

புது டயரின் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டி) ஆழம் பொதுவாக 7 முதல் 8 மி.மீ. சட்டப்படி அது 1.6 மி.மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. ஆனால் வேகமாக ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்கக்கூடாது. 3 மி.மீட்டரிலேயே தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் திறன் நன்றாகக் குறைந்துவிடுகிறது. தேங்கிய தண்ணீரில் 80க்கு மேல் போகும்போது டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கினால் ஸ்டீயரிங், பிரேக் இரண்டுமே வேலை செய்யாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது என்றால் ஆழத்தைச் செப்டம்பரிலேயே அளந்துவிடுங்கள். ஆழம் பார்க்கும் கேஜ் மலிவான சாமான்தான், ஆன்லைனில் கிடைக்கும்.

தேய்ந்த விதத்தையும் பாருங்கள். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். பட்டன்கள் மேடும் பள்ளமுமாகத் தட்டினால் ஷாக் அப்சார்பரோ சஸ்பென்ஷன் புஷ்ஷோ போயிருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் விலையுயர்ந்த டயரை மாட்டினால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

எழுத்துகள் சொல்வது

பக்கவாட்டில் 205/55 ஆர்16 91வி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 16 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு: 615 கிலோ. கடைசி எழுத்து வேகம்: டி என்றால் 190, எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270 கி.மீ.

கடையில் அதிகம் ஏமாறும் இடம் எடைக் குறியீடுதான். "லோ ப்ரொஃபைல் போட்டா செமயா இருக்கும்" என்று சொல்லி, பக்கச்சுவர் குட்டையான 215/45 ஆர்16 காட்டுவார்கள். அந்த அளவில் சாதாரண டயரின் குறியீடு 86, அதாவது 530 கிலோ. 91 கேட்கும் காரில் அதைப் போட்டால் ஒவ்வொரு டயருக்கும் 85 கிலோ குறைகிறது. ஐந்து பேரும் சாமானும் ஏறி, வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடும்போது டயர் அளவுக்கு மீறிச் சூடாகும். போதாக்குறைக்கு விட்டமும் 632 மி.மீட்டரிலிருந்து 600க்கு இறங்கிவிடுகிறது. கார் 16 மி.மீ தாழும், வேகத்தடையில் அடி தட்டும், ஸ்பீடோமீட்டர் உண்மையைவிட 5 சதவீதம் கூடுதலாகக் காட்டும். எடைக் குறியீடும் வேக எழுத்தும் கம்பெனி கொடுத்ததற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். கீழே போகவே கூடாது.

அளவை மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு

விட்டக் கணக்கை நீங்களே போடலாம். அகலத்தை சதவீதத்தால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 205/55 ஆர்16க்கு 225.5 + 406.4, ஆக 631.9 மி.மீ. ரிம்மை 17க்கு ஏற்றி 225/45 ஆர்17 போட்டால் 634.3. வித்தியாசம் 0.4 சதவீதம்தான், கணக்குச் சரி. 195/55 ஆர்16 உள்ள காருக்கு 205/55 ஆர்16 போட்டால் விட்டம் 1.8 சதவீதம் கூடும். ஸ்பீடோமீட்டரை ஒட்டிப் பார்த்தால் இது பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். 2 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

விட்டம் ஒத்துவந்தால் மட்டும் போதாது. ரிம் அகலமும் சேர வேண்டும். 205/55 ஆர்16 உட்காருவது 5.5 முதல் 7.5 அங்குல அகல ரிம்மில். 225/45 ஆர்17க்கு 7 முதல் 8.5 வேண்டும். குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் பக்கச்சுவர் உப்பி, வளைவில் ஆடும். இறுக்கம் கூட வேண்டும் என்று போட்ட டயர் பழசைவிடத் தளர்வாக நடந்துகொள்ளும். மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, உள் பிளாஸ்டிக்கில் உரசுகிறதா என்று பாருங்கள்.

225/45ல் பக்கச்சுவர் சுமார் 11 மி.மீ குட்டையாகிவிடும். அந்த 11 மி.மீதான் குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நம் ஊர்க் குழிகளில் லோ ப்ரொஃபைல் டயரின் உள் இழை அறுந்து பக்கச்சுவரில் முட்டை மாதிரி புடைப்பது சாதாரணமாக நடக்கிறது. புடைத்த டயரை ஒட்ட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். பெரும்பாலான வாரண்டிகளில் இது சேராது. உங்கள் மாடலின் உயர் வேரியண்ட்டில் கம்பெனியே கொடுக்கும் அளவுக்கு மாறினால் இன்சூரன்ஸில் பேச்சு வராது. அதைத் தாண்டினால் வரலாம்.

எந்த ரகம்

15, 16 அங்குலத்தில் கடைக்காரர் "பெர்ஃபார்மன்ஸ்" என்று சொல்வது பெரும்பாலும் சொகுசான நெடும்பயணத்துக்கான உயர்தர டூரிங் டயர்தான்: மிஷலின் பிரைமசி, யோகோஹாமா அட்வான் டிபி, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட், பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா, எம்ஆர்எஃப் பெர்ஃபின்சா மாதிரி. உண்மையான ஸ்போர்ட்ஸ் ரகம், உதாரணமாக மிஷலின் பைலட் ஸ்போர்ட், கிடைப்பது பெரும்பாலும் 17க்கு மேல். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 16 அங்குல செடானுக்கு நல்ல டூரிங் டயரே ஈரத்தில் அருமையாகப் பிடிக்கும், சத்தமும் குறைவு.

பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று தேய்மானத்தைச் சொல்லும் ஓர் எண் இருந்தால் அதையும் படியுங்கள். 200 வாக்கில் என்றால் ரேஸ் டிராக்குக்கானது. பிடிக்கும், ஆனால் பென்சில் ரப்பர் மாதிரி தேயும். 300 வாக்கில் என்றால் ஸ்போர்ட்ஸ் ரகம். 400க்கு மேல் ஆயுளை முன்வைத்துச் செய்தது. இந்த எண்ணைக் கம்பெனிகளே சோதித்துப் போட்டுக்கொள்கின்றன. அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும். இந்தக் கம்பெனியின் 340ஐ அந்தக் கம்பெனியின் 400உடன் ஒப்பிட்டால் அர்த்தமில்லை. அதற்குப் பக்கத்தில் ஈரப்பிடிப்புக்கு ஏஏ, ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். ஏஏ அல்லது ஏ பார்த்து வாங்குங்கள். சிக்கனத்துக்கான நட்சத்திர லேபிள் டயர் எவ்வளவு லேசாக உருள்கிறது என்பதைச் சொல்வது. பிடிப்புக்கான மதிப்பெண் அல்ல. பனிமலைச் சின்னம் போட்ட பனிக்கால டயர் தமிழ்நாட்டு வெயிலுக்குத் தேவையே இல்லை, இந்தச் சூட்டில் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

தயாரித்த தேதியும் பில்லும்

பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்தான் பிறந்த தேதி. 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் மாதம். இந்த நான்கு எண்கள் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுதாக இருக்கும். மாட்டிய பிறகு அது உள்பக்கம் போய்விட்டால் காருக்கடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் மாட்டுவதற்கு முன்னாலேயே நான்கு டயரையும் உருட்டிப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் அருமை. ஒரு வருடம் வரை பரவாயில்லை. இரண்டைத் தாண்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தள்ளுபடி கொடுத்தாலும். 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதிக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்பதால் சில ஸ்போர்ட்ஸ் அளவுகள் விட்டுவிட்டுத்தான் வருகின்றன. அபூர்வ அளவு கேட்கும்போது பழைய ஸ்டாக் கைமாறுவது அதனால்தான். "நாளைக்கு வரவழைக்கிறேன்" என்று சொல்லும் கடையில் முன்பணம் கொடுப்பதற்கு முன், தேதியின் போட்டோவை வாட்ஸ்அப்பில் கேளுங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரையும் பக்கச்சுவரில் இருக்க வேண்டும். அது இல்லாத டயர் எந்த வழியாக வந்தது என்று கேட்டால் நேரான பதில் வராது.

விலை கேட்கும்போது நான்கு கடையில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: மாட்டுவது, பேலன்சிங் (சக்கரம் ஆடாமல் சுழல எடையைச் சமப்படுத்துவது), புது வால்வு, அலைன்மென்ட், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து நான்குக்கும் எவ்வளவு? 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது; பில்லில் 18 தான் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் டயரின் சீரியல் எண்களையும் எழுதச் சொல்லுங்கள். "பில் இல்லாம குறைச்சுத் தரேன்" என்பதை ஏற்றால் வாரண்டியும் அதோடு போயிற்று.

நான்கும் மாற்ற முடியாமல் இரண்டுதான் என்றால், புது ஜோடி பின்னால் போக வேண்டும். முன்சக்கர டிரைவ் காராக இருந்தாலும் இதேதான். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரை விட்டால் மீண்டும் பிடிக்கும். பின் டயர் வழுக்கினால் கார் சுற்றிவிடும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

அம்புக்குறி போட்ட டயர் சுழலும் திசையில் மாட்டப்பட வேண்டும். வெளிப்பக்கம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் டயரில் அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும். இது மாறிப்போவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம், அதுவும் கூட்டமான சனிக்கிழமைகளில். மஞ்சள் புள்ளி டயரின் லேசான இடம். அதை வால்வுக்கு நேரே வைத்தால் பேலன்சிங்குக்குக் குறைந்த வெயிட் போதும். ஒரே இடத்தில் 60 கிராமுக்கு மேல் வெயிட் ஒட்டினால், டயரை ரிம்மில் பாதிச் சுற்று திருப்பி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அலாய் வீலில் தட்டி மாட்டும் கிளிப் வெயிட் வேண்டாம், உள்பக்கம் ஒட்டும் வெயிட் கேளுங்கள். ரப்பர் வால்வு புதிதாகட்டும்.

காற்றுத் துப்பாக்கியால் நட்டை முடுக்கிவிட்டுக் கிளம்பச் சொல்லும் கடைகள் நிறைய. நட்டு அளவுக்கு மீறி இறுகினால் வீல் மட்டமாக உட்காராது, பிரேக் டிஸ்க்கும் நெளியக்கூடும். பஞ்சரானால் நடுரோட்டில் ஸ்பானரால் கழற்றவும் முடியாது. கையால் பாதி முடுக்கி, காரை இறக்கி, டார்க் ரெஞ்ச்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) நட்சத்திர வரிசையில் முடுக்க வேண்டும். எவ்வளவு நியூட்டன் மீட்டர் என்பது கார் கையேட்டில் இருக்கும். 100 கி.மீ ஓட்டிவிட்டு ஒருமுறை மறுபடி சரிபாருங்கள்.

அலைன்மென்ட்டுக்கு முன்னும் பின்னும் அளவு அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்ளுங்கள். நிறைய கார்களில் பின்சக்கரக் கோணத்தை மாற்ற வழியே இல்லை. அதனால் தாளில் பின்பக்கம் சிவப்பாக இருந்தால் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். ஆனால் ஒரு நல்ல குழி பின் ஆக்ஸிலை வளைத்திருக்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

காற்றழுத்தம் ஓட்டுநர் கதவு ஓரத்திலோ பெட்ரோல் மூடிக்குள்ளோ ஒட்டியிருக்கும் எண்படி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது. ஓடிச் சூடானால் 3, 4 பிஎஸ்ஐ ஏறும். அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள். நைட்ரஜன் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. முதல் 300 கி.மீ நிதானமாக ஓட்டுங்கள். தொழிற்சாலையில் டயரை அச்சிலிருந்து கழற்றப் பூசிய வழவழப்பு தேய்ந்து போனால்தான் முழுப் பிடிப்பு வரும்.

80 கி.மீ வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கினால் முன் டயரின் பேலன்சிங், சீட் நடுங்கினால் பின் டயரின் பேலன்சிங் என்று சந்தேகப்படலாம். மாட்டிய கடைக்கே திரும்பிப் போனால் இதற்குக் காசு கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. பேலன்சிங் சரியாக இருந்தும் நடுக்கம் போகவில்லை என்றால், முன்னும் பின்னும் டயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். நடுக்கம் டயரோடு இடம் மாறினால் கோளாறு அந்த டயரிலோ ரிம்மிலோதான். அப்போது பில்லை எடுத்துக்கொண்டு வாரண்டி கேளுங்கள்.