பக்கத்துக் கடை பில்லும் என் ஏபிஐயும்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைகளுக்கு பில் போடும் ஆப் ஒன்றை எழுதிப் பராமரித்து வருகிறேன். அந்த ஆப் சர்வரிடம் கேட்டு வாங்கும் வாசல்தான் ஏபிஐ. முதலாளியும் நான்தான், ஆளும் நான்தான். ஒரு நாள் விடியற்காலை அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கடையின் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். "தம்பி, இங்க வாங்க. பக்கத்துக் கடை பில்லு நம்ம போன்ல தெரியுது. இது நல்லாவா இருக்கு?"

அவர் ஹேக்கர் எல்லாம் இல்லை. முந்தைய பில்லைத் தேடச் சோம்பல்பட்டு, பிரவுசரில் லிங்கின் கடைசி எண்ணில் ஒன்றைக் குறைத்துத் தட்டியிருக்கிறார். எல்லாக் கடைக்கும் சேர்த்து ஒரே வரிசையில் எண் போகும்படி நான் வைத்திருந்தேன். அதனால் திரையில் வந்தது பக்கத்துக் கடை பில். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவரின் பெயர், போன் எண், எத்தனை கிலோ மல்லி, என்ன விலை, அவர் வாங்கியிருக்கும் முன்பணம், எல்லாம். யாருக்கு எவ்வளவு முன்பணம் என்பதை எந்தக் கமிஷன் கடைக்காரரும் அடுத்த கடைக்குச் சொல்ல மாட்டார். அது தெரிந்தால் போதும், ஐயாயிரம் கூடப் போட்டு அந்த விவசாயியின் பூவைத் தன் கடைப் பக்கம் திருப்பிவிடலாம்.

இத்தனைக்கும் லாகின் இருந்தது, எச்டிடிபிஎஸ் இருந்தது, பாஸ்வேர்டை ஆர்கான்2 முறையில் திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்றி, அதாவது ஹாஷ் செய்துதான் வைத்திருந்தேன். என் கோட் "நீ யார்?" என்று கேட்டதே தவிர, "இது உன்னுடையதா?" என்று கேட்கவில்லை. கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுத்துவிட்டு, டோக்கன் வைத்திருக்கிற யாரும் எந்தச் செருப்பையும் மாட்டிக்கொண்டு போகலாம் என்று விட்டால் எப்படியோ, அப்படி. மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு ஏபிஐகளுக்கென்று 2019-ல் வெளியிட்ட பத்து ஆபத்துகளின் பட்டியலில் முதலிடம் இந்தத் தவறுக்குத்தான். 2023-ல் பட்டியலைத் திருத்தியபோதும் அது இறங்கவில்லை. சாதாரண ஃபயர்வாலும் இதைப் பிடிக்காது. லாகின் செய்ததும் சர்வர் கொடுக்கும் அடையாளச் சீட்டுக்கும் டோக்கன் என்றுதான் பெயர். முறையான டோக்கனோடு வரும் முறையான கோரிக்கையில் அது எதைச் சந்தேகப்படும்?

சரி, திருத்துவது எப்படி? பில்லை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் கடை எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். ஏதாவது ஓர் இடத்தில் ஒப்பிட மறந்துபோகும். டேட்டாபேஸிடம் கேட்கும்போதே பில் எண், கடை எண் இரண்டையும் நிபந்தனையாக வையுங்கள். கடை எண் சர்வர் சரிபார்த்த டோக்கனிலிருந்துதான் வர வேண்டும். கோரிக்கைக்குள் யாரோ எழுதி அனுப்பும் கடை எண்ணை எடுத்துக்கொண்டால் பழைய கதைதான். நான் பில் தொடர்பான எல்லாக் கேள்விகளையும் கோடில் ஒரே ஃபங்ஷன் வழியாகப் போகவிட்டேன். கடை எண் கொடுக்காமல் அதைக் கூப்பிடவே முடியாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் 9.5 பதிப்பிலிருந்தே உள்ள வரிசை அளவிலான பாதுகாப்பையும், அதாவது டேபிளின் எந்த வரிசையை யார் தொடலாம் என்ற விதியையும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் டேபிளின் சொந்தக்காரரான யூசராக உங்கள் ஆப் நுழைந்தால், தனியே கட்டாயப்படுத்தாதவரை அந்த விதி பொருந்தாது. இதில் நான் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

பில் அடுத்தவருடையது என்றால் 403 (அனுமதி இல்லை) அனுப்பாமல் 404 (அப்படி ஒன்று இல்லை) அனுப்புங்கள். "இருக்கிறது, உனக்கில்லை" என்பதே ஒரு தகவல்தானே. வரிசை எண்ணுக்குப் பதில் யூயூஐடி என்ற நீளமான குறியீட்டைப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போடுங்கள், ஊகிப்பது கடினமாகும். ஆனால் பில் லிங்க் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றுகிறது. லிங்க் கையில் கிடைத்தவரிடமும் "உன்னுடையதா" என்று கேட்டாக வேண்டும்.

திருத்தியதைச் சோதிக்க இரண்டு பொய்க் கடைகளைத் திறந்தேன். முதல் கடையின் டோக்கனை வைத்து இரண்டாம் கடையின் பில், விவசாயி, ரசீது என்று ஒவ்வொரு வழியையும் தட்டும் டெஸ்ட் எழுதினேன். பார்ப்பது மட்டுமல்ல, திருத்துவது, அழிப்பது, எக்செலாக இறக்குவது எல்லாவற்றையும் தட்ட வேண்டும். எனக்கு ஓட்டை இருந்தது எக்செல் இறக்கும் இடத்தில். அதை அவசரத்தில் கடைசியாகச் சேர்த்திருந்தேன்.

அடுத்தது, சர்வர் எதைக் கொடுக்கிறது, எதை வாங்கிக்கொள்கிறது என்பது. ஆப் திரையில் காட்டுவது விவசாயியின் பெயரும் தொகையும் மட்டும். ஆனால் என் ஏபிஐ டேபிள் வரிசையை அப்படியே, வங்கிக் கணக்கு எண் உட்பட, அனுப்பிக்கொண்டிருந்தது. திரையில் மறைத்தால் மறைத்ததாகாது. வேண்டிய புலங்களை மட்டும் பெயர் சொல்லி அனுப்புங்கள். வாங்கும்போதும் அப்படியே. பில் திருத்தும் கோரிக்கையில் கமிஷன் சதவீதத்தையும் ஒருவர் சொருகி அனுப்பினால் அதுவும் டேட்டாபேஸில் ஏறக்கூடாது. 2012-ல் கோட் சேமிக்கும் தளமான கிட்ஹப்பே இந்த வகை ஓட்டையில் மாட்டியிருக்கிறது, நாம் எம்மாத்திரம்.

ஓடிபி கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நான்கு இலக்கம் என்றால் மொத்தம் 10,000 எண்கள். வினாடிக்குப் பத்து முயற்சி போனால் பதினேழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆறு இலக்கமாக்குங்கள். ஒரு ஓடிபிக்கு ஐந்து முறை தப்பானால் அந்த ஓடிபி செத்தது என்று வையுங்கள். ஒரு போன் எண்ணுக்கு மணிக்கு எத்தனை ஓடிபி போகலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும், இல்லாவிட்டால் எஸ்எம்எஸ் பில்லே உங்களைச் சாய்த்துவிடும். வரம்பு தாண்டினால் 429, அதாவது "அளவுக்கு மீறிக் கேட்கிறாய்" என்ற பதில். இதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வரம்பை ஐபி முகவரியை மட்டும் வைத்துப் போட்டேன். மொபைல் நெட்வொர்க்கில் ஏகப்பட்ட போன்கள் ஒரே ஐபியில்தான் வெளியே வரும். வைகாசி முகூர்த்த நாள், மல்லி விலை ஆயிரங்களில் நிற்கிற நேரம், பாதி மார்க்கெட் உள்ளே நுழைய முடியாமல் என்னை போனில் திட்டியது. போன் எண், கணக்கு, ஐபி மூன்றுக்கும் தனித்தனி வரம்பு வையுங்கள், ஐபிக்கு மட்டும் தாராளமாக.

கடைப் பையன் வேலையை விட்டுப் போனால் அவன் போனில் இருக்கும் டோக்கனும் அன்றே சாக வேண்டும். நான் ஆக்சஸ் டோக்கனுக்குப் பதினைந்து நிமிடம்தான் ஆயுள் கொடுத்திருக்கிறேன். அதைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷ் டோக்கன் டேட்டாபேஸில் இருக்கிறது, கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தி ரத்து செய்யலாம். தலைப்பு, தகவல், கையெழுத்து என்று மூன்று துண்டாக வரும் ஜேடபிள்யூடி வகை டோக்கனைப் பயன்படுத்தினால், அதன் நடுத்துண்டு பூட்டு எதுவும் இல்லாத வெறும் பேஸ்64 எழுத்துதான், யாரும் படிக்கலாம். அதில் முன்பணத்தையோ போன் எண்ணையோ வைக்காதீர்கள். எந்தக் கையெழுத்து முறை என்பதை சர்வர் தீர்மானிக்கட்டும். "கையெழுத்தே இல்லை" என்று தலைப்பில் எழுதி வந்த டோக்கனையும் ஏற்றுக்கொண்ட லைப்ரரிகள் இருந்தன.

எஸ்எம்எஸ் அனுப்பும் கேட்வே சேவையின் ரகசியச் சாவியை ஆப்புக்குள் வைப்பது, வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசல் கோலத்தின் மேல் வைப்பதுதான். ஆண்ட்ராய்டு ஆப் வரும் ஏபிகே கோப்பை யாரும் பிரிக்கலாம். சாவி சர்வரிலேயே இருக்கட்டும். தவறிப்போய் அதைக் கோடோடு சேர்த்து கிட் சேமிப்பில் ஏற்றிவிட்டால், அந்தப் பதிவை (கமிட்டை) அழிப்பது அப்புறம். முதலில் சாவியை மாற்றுங்கள்.

பணம் வந்ததாகப் பேமெண்ட் கேட்வே உங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்தியை (வெப்ஹுக்கை), கையெழுத்தைச் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம். ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் ரசீது ஒன்றுதான் விழ வேண்டும். எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் இருக்கும் குறியாக்க முறையான டிஎல்எஸ்ஸில் 1.2 பதிப்புக்குக் கீழே எதையும் திறந்து வைக்காதீர்கள்.

சர்வரில் நடப்பதைக் குறித்து வைக்கும் லாக் விஷயத்தில் சோம்பல் கூடாது. யார், எந்த நேரம், எந்த பில்லைக் கேட்டார், என்ன பதில் போனது, இவ்வளவும் வேண்டும். டோக்கனும் ஓடிபியும் லாகில் இருக்கவே கூடாது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தரவுக் கசிவு போன்றவற்றை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். ஒரே கடையின் டோக்கனுக்கு நிமிடத்தில் இருபது 404 விழுந்தால் என் போனுக்கு மெசேஜ் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். யாரோ எண்ணை மாற்றி மாற்றித் தட்டுகிறார் என்று அர்த்தம்.

இவ்வளவையும் செய்து முடித்தபின் ஒரு நாள் லாக்கைப் புரட்டினால், பழைய ஏபிஐயின் முதல் பதிப்பு இன்னும் உயிரோடு இருந்தது. திருத்தம் எல்லாம் இரண்டாம் பதிப்பில். பழைய வழி, பழைய ஓட்டையோடு, திறந்தே கிடந்தது. எந்தெந்த வழிகள் வெளியே திறந்திருக்கின்றன என்ற பட்டியலை நினைவிலிருந்து எழுதாமல், சர்வர் அமைப்பிலிருந்தே எடுங்கள். பழைய பதிப்பை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தேன். ஒரே ஒரு கடை, நான்கு வருடப் பழைய போன். வண்டியை எடுத்துக்கொண்டு போய், அண்ணன் வெற்றிலை மடித்து முடிப்பதற்குள் ஆப்பை அப்டேட் செய்துகொடுத்து, அங்கே நின்றபடியே லேப்டாப்பைத் திறந்து முதல் பதிப்பை மூடினேன்.