புல உமிழ்வுக் காட்சிப் பலகைக்கு மின்வாய் அமைப்பை வடிவமைக்கும் முறை

புல உமிழ்வுக் காட்சிப் பலகை என்பது, வலிய மின்புலத்தால் கதோட்டிலிருந்து வெளியேறும் இலத்திரன்கள் வெற்றிடத்தினூடே சென்று அனோட்டிலுள்ள ஒளிர்பொருளில் மோதிப் படம் காட்டும் திரையாகும். கிழக்கிலங்கையின் பல்கலைக்கழக வளாகங்கள் உள்ள வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ இதன் மின்வாய் அமைப்பை இறுதியாண்டுச் செயற்றிட்டமாக எடுக்கும் பௌதிகவியல் மாணவர், தூசு நீக்கிய தூய அறை இல்லாமலேயே வடிவமைப்பின் பெரும்பகுதியைத் தாளிலும் கணினியிலும் செய்து முடிக்கலாம். கணக்கை, கதோட்டிலிருந்து இலத்திரன்களை இழுத்தெடுக்கும் படலை மின்வாயிலிருந்து தொடங்குங்கள். அனோட்டிலிருந்து தொடங்குபவர் பின்னர் எல்லா அளவுகளையும் மாற்ற நேரிடும்.

கற்பதற்கு எளியது, ஸ்பின்ட் என்னும் ஆய்வாளர் 1968 இல் வெளியிட்ட கூம்பு அமைப்பின் வழிவந்த வடிவம். கதோட்டுக் கீற்றின்மேல் ஏறத்தாழ 1 மைக்ரோமீற்றர் தடிப்பான காவலிப் படையும், அதன்மேல் துளையிட்ட படலையும், துளையின் நடுவே மொலிப்டினக் கூம்பும் இருக்கும். போதிய மின்னோட்டம் பாய, கூம்பின் நுனியில் நனோமீற்றருக்குச் சில வோல்ற்று புலம் வேண்டும். படலைக்கு 80 வோல்ற்று கொடுத்தால், 1 மைக்ரோமீற்றர் இடைவெளியில் சராசரிப் புலம் நனோமீற்றருக்கு 0.08 வோல்ற்று மாத்திரமே. நுனியின் கூர்மை அதனை 50 மடங்காகப் பெருக்கினால்தான் நனோமீற்றருக்கு 4 வோல்ற்றை எட்டலாம். துளையின் விட்டத்தையும் நுனியின் ஆரையையும் மாற்றி, வெளியைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் கணிக்கும் முடிவுறு மூலக முறையால் இப்பெருக்கத்தைக் கணியுங்கள். நுனி படலையின் மட்டத்திலேயே இருக்கட்டும். மிகத் தாழ்ந்தால் இலத்திரன்களில் ஒரு பகுதி படலையிலேயே வீழ்ந்து வீணாகும்.

அடுத்தது, எல்லா நுனிகளும் ஒரே அளவில் உமிழும் சீர்மை. புலத்தையும் உமிழ்வு மின்னோட்டத்தையும் தொடர்புபடுத்தும் பௌலர்–நோர்தைம் சமன்பாட்டின்படி, வேலைச் சார்பு (இலத்திரனை உலோகத்திலிருந்து வெளியேற்றத் தேவையான சக்தி) 4.5 இலத்திரன் வோல்ற்றாக உள்ள உலோகத்தில், மேற்கூறிய புலம் பத்து வீதம் கூடினாலே மின்னோட்டம் ஏறத்தாழ ஐந்து மடங்காகும். ஆகவே கூம்புகளுக்குக் கீழே பளிங்குருவற்ற சிலிக்கனாலான தடைப் படையை இடுவதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்: ஒரு நுனி அளவுக்கு மீறி உமிழும்போது, அப்படையில் ஏற்படும் வோல்ற்றளவு வீழ்ச்சி அதனைத் தானாகவே அடக்கிவிடும்.

கதோட்டும் படலையும் குறுக்கிடும் பரப்பைச் சிறிதாக்குங்கள். கொள்ளளவம் கூடினால் இயக்கும் சுற்றின் வலு விரயமாகும்.

அனோட்டுக்கு 5000 வோல்ற்றும் 1 மில்லிமீற்றர் இடைவெளியும் எடுத்து, இலத்திரன்கள் 30 பாகை சாய்வில் வெளியேறுவதாகக் கொண்டால், கற்றை பக்கவாட்டில் ஏறத்தாழ 0.12 மில்லிமீற்றர் விலகும். அதாவது, கற்றை அனோட்டில் உண்டாக்கும் ஒளிப்பொட்டின் அகலம் கால் மில்லிமீற்றரை நெருங்கும். ஒரு நிறக் கீற்று 0.1 மில்லிமீற்றராக இருப்பின், அயல் நிறமும் ஒளிரும். எனவே படலைக்கு மேலே குவிக்கும் மின்வாய் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இடைவெளியைக் குறைப்பது இலகுவாகத் தோன்றினும், அது மின்னிறக்கத்துக்கு வழிவிடும்.

மாதிரியைச் செய்து பார்ப்பவர்கள், மட்டக்களப்பின் மாரிக்கால ஈரப்பதனை மறக்கலாகாது. கண்ணாடியிலும், இரு தட்டுகளின் இடைவெளியைத் தாங்கி நிற்கும் இடைதாங்கிகளிலும் படிந்த நீராவி வெற்றிடத்தைக் கெடுக்குமாதலால், பலகையை வெற்றிடத்தில் சூடேற்றி உலர்த்திய பின்னரே முத்திரையிடுங்கள்.