வீட்டில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால்: மிதிக்காமல் செய்யவேண்டியவை

தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்த அம்மா அப்படியே நிமிர முடியாமல் சுவரைப் பிடித்து நிற்கிறார், இல்லையென்றால் அப்பா வண்டிக்கு சென்டர் ஸ்டாண்ட் போடும்போது இடுப்பில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. உடனே வீட்டில் ஒருவர் தைலம் தேடுவார், ஒருவர் குப்புறப் படுக்க வைத்து சின்னப் பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வார், கால் முதலில் வந்து பிறந்தவர் யாராவது இருந்தால் கூட்டிவந்து சுளுக்கு வழிக்கச் சொல்லலாம் என்பார் இன்னொருவர். தைலம் சரி. மிதிப்பதும், இடுப்பைத் திருகிச் சொடுக்கெடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

கை வைப்பதற்கு முன் சில கேள்விகள் கேட்டுவிடுங்கள். சிறுநீர் போக முடிகிறதா, தன்னையறியாமல் போகிறதா, மலம் அடக்க முடிகிறதா, உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் மரத்துப்போன மாதிரி இருக்கிறதா, கால் வலுவிழந்து தடுமாறுகிறதா? இதில் ஒன்று புதிதாக வந்திருந்தாலும் இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. முதுகெலும்புக்குள் கீழ்ப்பகுதியில் இருக்கிற நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம், தாமதமானால் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். இதை அம்மாவிடம் மகன் கேட்டால் பெரும்பாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றுதான் பதில் வரும், அதனால் மகளோ மருமகளோ தனியாகக் கேட்பது நல்லது.

வேறு சில வலிகளும் முதுகு வலி வேஷத்தில் வரும். மேல்முதுகில் வலியோடு வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுக்குகிறது என்றால் அதை வாயு என்று சொல்லிப் பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, மாரடைப்பாக இருக்கலாம், குறிப்பாக சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு. விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்குகிற வலி, கூடவே குமட்டல், நீர்க்கடுப்பு என்றால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். சாயங்காலக் காய்ச்சலும் உடல் இளைப்பும் சேர்ந்து நாள்பட்ட முதுகு வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், நம் ஊரில் அது இன்னும் இருக்கிறது. வயதானவர்களுக்கு, அதிலும் ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ நாள்பட ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு, லேசாக வழுக்கி உட்கார்ந்தாலே எலும்பு நொறுங்கியிருக்கலாம். அங்கே அமுக்கி விடுவது ஆபத்து, மருத்துவர் பார்த்த பிறகுதான் எதுவும்.

இவை எதுவும் இல்லையென்றால் தசையோ தசைநாரோ பிடித்துக்கொண்ட வலியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். முதல் நாளே ஸ்கேன் எடுக்க ஓடவேண்டியதில்லை, வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரியும், அதைப் பார்த்துப் பயந்துபோய் நடக்காமல் கிடப்பவர்கள் நிறைய.

முதலில் படுக்க வையுங்கள். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை, ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. முதுகு வலிக்கு வெறுந்தரைதான் நல்லது என்று சொல்வதை நம்பி எழுபது வயதுக்காரரைப் பாயில் படுக்க வைத்துவிட்டு, அப்புறம் எழுப்புவதற்குள் எல்லோரும் படாத பாடு படவேண்டாம். குழி விழாத, ஓரளவு கெட்டியான மெத்தை போதும்.

எழுப்பும்போது கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதுதான் நாம் எல்லோரும் செய்கிற காரியம், வலி கூடுவதும் அங்கேதான். அதற்குப் பதில் இரண்டு முழங்காலையும் மடக்கச் சொல்லுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி கட்டில் ஓரம் பார்த்து ஒருக்களிக்கட்டும். கால்கள் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே, கீழே இருக்கிற முழங்கையையும் மேலே இருக்கிற உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி எழட்டும். நீங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு கை கொடுத்தால் போதும். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் தலை சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு நிற்க வையுங்கள்.

ஒத்தடத்துக்கு ஹாட் வாட்டர் பேக் இருந்தால் அது, இல்லையென்றால் கல்லுப்பை வாணலியில் வறுத்துப் பருத்தித் துணியில் மூட்டை கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்களால் பொறுக்க முடியாத சூடு அவருக்கும் வேண்டாம். பதினைந்து இருபது நிமிடம், நடுநடுவே தோலைப் பார்த்துக்கொண்டு. பேக்கின் மேலேயே படுத்துத் தூங்கவிடாதீர்கள். சர்க்கரையால் உணர்வு மங்கியவர்களுக்குத் தோல் வெந்துபோனாலும் உறைக்காது. தைலமோ பாமோ தடவிய இடத்தில் மேலேயே சூடு வைக்கவும் கூடாது, புண்ணாகிவிடும், இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தேய்த்து விடுவது. நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வெதுவெதுப்பாக உள்ளங்கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அடிவயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்துக் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள், அது முடியாவிட்டால் நாற்காலியில் திருப்பி உட்கார்ந்து முதுகுச் சாய்மானத்தின் மேல் கைகளை வைத்துச் சாய்ந்துகொள்ளட்டும். நடுவில் முண்டு முண்டாகத் தட்டுப்படுகிற எலும்புதான் முதுகெலும்பு, அதன் மேல் அழுத்தவே கூடாது. அதற்கு இரண்டு பக்கமும் கயிறு போல ஓடுகிற தசைதான் உங்கள் இடம். இடுப்பிலிருந்து தோள் பக்கமாக உள்ளங்கை முழுவதும் படும்படி மெதுவாக நீவுங்கள். சதை கொஞ்சம் இளகியதும், இறுகிக் கிடக்கிற இடத்தில் கட்டைவிரல் சதையால் மூச்சு விடும்போது அழுத்தி, இழுக்கும்போது தளர்த்துங்கள். "இதமா இருக்கு" என்று அவர் சொல்கிற அளவுதான் அளவு, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால் தசை இன்னும் இறுகத்தான் செய்யும். பத்து நிமிடம் தாராளம். விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கிற பக்கவாட்டில் குத்தித் தட்டுவது வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் அழுத்தித் தேய்க்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அதைத் தொட்டுத் தேய்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம்.

மாத்திரை விஷயத்தில், மெடிக்கலில் "இடுப்பு வலிக்கு நாலு வேளைக்குக் குடுங்க" என்று வாங்கிவருகிற உதிரி மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தொல்லை தரக்கூடியவை. பாராசிட்டமால் முதுகு வலிக்குப் பெரிதாகக் கேட்காது, ஆனாலும் சிலருக்கு ஆறுதல். கல்லீரல் பிரச்சினையோ குடிப்பழக்கமோ இருந்தால் அதையும் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள்.

இதற்கெல்லாம் மேலாக நான் வற்புறுத்துவது நடையைத்தான். ஓய்வு என்று நாள்கணக்கில் படுத்துக் கிடந்தால் இடுப்பு மேலும் விறைக்கும். ஓரிரு நாளில், முடிந்தால் அன்றைக்கே, வீட்டுக்குள்ளே ஐந்து நிமிடம், அப்புறம் வாசல்வரை, கொஞ்சம் தேறியதும் தெருமுனைவரை. லேசாக வலித்தால் பரவாயில்லை, வலி காலுக்கு இறங்கினால் நிறுத்துங்கள். மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி இழுத்துப் பிடித்துவிடுவதும் சுகமாக இருக்கும். இடுப்பு பெல்ட் வெளியே போகும் நேரத்துக்கு மட்டும்.

அந்தச் சில வாரத்துக்கு வேலைகளைக் கொஞ்சம் மாற்றிக்கொடுங்கள். குட்டைத் துடைப்பத்தை எடுத்து வைத்துவிட்டு நீளக் கைப்பிடி வாங்குங்கள், காய் நறுக்குவது அரிவாள்மணையில் வேண்டாம், மேடையில் நின்று செய்யட்டும், குந்தி உட்காரும் கழிப்பறை என்றால் மேலே வைக்கிற ஸ்டூல் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. நிறைந்த கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட முப்பது கிலோ, வாட்டர் கேன் இருபது. வலி போய்விட்டது என்று அவரே நகர்த்தப் போவார், தடுத்து நீங்கள் தூக்குங்கள், நீங்களும் முழங்காலை மடக்கி, பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்துத்தான்.